குலுக்கல் பாட்டு

அப்பாவின் மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது, கரண்ட் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எல்லா வீட்டுக்கும் பொதுவாக வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பா பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே, பல்லடம் பக்கம் விசைத்தறிக் கொட்டகையில் இருந்தவர். கம்பெனியில் தைத்த பனியன்களை அம்மா மூட்டையாக வாங்கிவந்து, தொங்குகிற நூலையெல்லாம் வீட்டிலேயே வெட்டிக் கொடுப்பாள்.

எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்ல ஒன்று உண்டென்றால் அது ஓர் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டி நிறைய இருந்த கேசட்டுகள். அப்பா தறிக்குப் போன நாளிலிருந்து வாங்கிச் சேர்த்தவை. அதில் சினிமாப் பாட்டு, சாமிப் பாட்டு, கடையில் சொல்லிப் பதிந்து வாங்கிய கலவைப் பாட்டு எல்லாம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பெட்டி நடுவீட்டுக்கு வரும். நான் கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு ஒரு கேசட்டை எடுக்க வேண்டும். அதை டேப்பில் போட்டு, போன தடவை எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்தே ஓடவிட வேண்டும். எந்தப் பாட்டு வருகிறதோ, அந்தப் பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்குவதைப் போல இருந்ததால் இதற்குக் குலுக்கல் என்று பெயர் வைத்தது மாமா. அம்மாவின் தம்பியான அவர் ஒரு பனியன் கம்பெனியில், துணி வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்.

மாமாவின் ஞாபகங்கள் எல்லாமே தின்பண்டம் சம்பந்தப்பட்டவை. எவ்வளவு உருக்கமான பாட்டு வந்தாலும், அந்தப் படம் பார்த்த தியேட்டரில் இடைவேளைக்கு என்ன விற்றார்கள் என்பதில்தான் போய் முடிப்பார். அம்மா ஒரு வரிக்கு மேல் சொல்ல மாட்டாள். எனக்கு ஞாபகம் என்று சொல்ல இன்னும் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. ஆகவே குலுக்கல் என்பது கடைசியில் அப்பா பேசுவதைக் கேட்பதுதான். ஒரு பாட்டுக்கு, தறிக் கொட்டகைக்கு எதிரே இருந்த டீக்கடை வரும். அந்தப் பாட்டு ரேடியோவில் முடிகிற வரைக்கும் டீயை ஊதி ஊதி ஆறவைத்துக்கொண்டே நிற்பாராம். உள்ளே தறி நூல் அறுந்து நிற்குமாம். இன்னொரு பாட்டுக்கு, மழையில் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த ரோடு வரும். “இந்த எடத்துல வயலின் வரும் பாருங்க, அப்பத்தான் மழ விட்டுச்சு” என்பார். எங்களுக்கும் வயலின் வந்ததும் மழை விட்டதைப் போலத்தான் இருக்கும்.

அந்த மத்தியானமும் அப்படி ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தொடையில் விரலால் தாளம் போட்டபடி கண்ணை மூடியிருந்தார். பட்டென்று கரண்ட் போனது. பாட்டு நின்றது. மாமா கரண்ட்காரர்களைத் திட்டினார். அப்பாவின் விரல் மட்டும் நிற்கவில்லை. தலையும் ஆடிக்கொண்டிருந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் சுற்றி ஓய்ந்து, காற்று நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். “ஓ, கரண்ட் போச்சாட்ட இருக்குது” என்றார்.

பாட்டு நின்றது தெரியாமல் ஒருவர் எப்படிப் பாட்டு கேட்க முடியும்? அப்படியானால் அவர் பாட்டைக் கேட்கவே இல்லை. கேட்பதாக நடிக்கிறார். ஏன் நடிக்க வேண்டும்?

அதற்குப் பிறகு அவரைக் கவனிப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே சாட்சியாகத்தான் தெரிகிறது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் சில சமயம் திரும்புவதில்லை. வீட்டில் புதிதாக வாங்கிய செல்போன் அடித்தால், “சிக்னலே இல்ல, நீ பேசு” என்று அம்மாவிடம் நீட்டிவிடுவார். அம்மா பேசும்போது சிக்னல் நன்றாகவே இருந்தது. அவரும் அம்மாவும் பேசிக்கொள்வதென்றால் அடுப்படி பல்புக்குக் கீழே எதிரெதிரே நின்றுதான் பேசினார்கள். நான் போனால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். மாமா புதுப்படக் கேசட் வாங்கி வந்தால் அப்பா அதைப் பெட்டியில் சேர்க்க மாட்டார். “புதுப் பாட்டுல என்னங்க மாப்ள இருக்குது, ஒரே எரச்சலு” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, அம்மாவும் இதில் கூட்டு என்பதுதான். குலுக்கலில் பாட்டு தொடங்கியதும் அம்மா நூல் வெட்டுவதை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேராகப் பார்ப்பாள். பாட்டின் முதல் சொல்லைத் தானும் சேர்ந்து பாடுவதைப் போல வாயசைப்பாள். அதற்குப் பிறகுதான் அப்பா ஆரம்பிப்பார். பரீட்சையில் முன்பெஞ்சுப் பிள்ளை திரும்பி விடை சொல்லுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இங்கே பரீட்சை வைத்தது யார், மார்க் போடுவது யார் என்றுதான் புரியவில்லை.

இதையெல்லாம் நான் சொன்னது எஸ்தரிடம் மட்டும். எங்கள் வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்த குடும்பம். என்னைவிட ஒரு வகுப்புதான் பெரியவள் என்றாலும், உலகத்தை நன்றாகப் பார்த்து முடித்தவளைப் போலப் பேசுவாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“ஏட்டி, இது எனக்குத் தெரிஞ்ச கததான். எங்க பெரியப்பாவும் இப்படித்தான் இருந்தாவ. கூப்பிட்டா காதுல விழாத மாதிரி, எப்பவும் என்னத்தையோ நெனச்சுட்டு. பொறவு ஒரு நாள் ஆளக் காணோம். வேற ஊர்ல வேற வீடு வச்சிருக்காவன்னு பொறவுதான் தெரிஞ்சுது.”

“எங்கப்பா அப்படியெல்லாம் போக மாட்டாங்க.”

“எங்க பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னாவ.”

அன்றிலிருந்து நான் அப்பாவைப் பார்த்த பார்வையே வேறாகிவிட்டது. அவர் மௌனமாக இருந்தால் எந்த ஊரை நினைக்கிறார் என்று யோசித்தேன். டீக்கடையும் சைக்கிளும் மழை ரோடும்கூடச் சந்தேகமாகின. பல்லடத்துக் கதைகளில் எங்களில் ஒருவரும் இல்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் லைன் வீட்டுக்குக் கார் வந்தது அதுதான் முதல் தடவை. மாமா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்தார். மேனேஜர் எங்கள் பக்கத்துக்காரர்தான், அவரும் தறியில் இருந்து மேலே வந்தவர் என்று மாமா பிற்பாடு சொன்னார். உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

“அவிநாசி ரோட்டுல புதுசா ஒரு ஷெட் போடறமுங்க. அங்க சூப்பர்வைசரா இவரப் போடலாம்னு மொதலாளி நெனைக்கறாரு. கம்பெனியில வெச்சு சொன்னனுங்க. தலைய ஆட்டிட்டு மெஷினப் பாக்கப் போயிட்டாரு. சரின்னாரா வேண்டாம்னாரான்னே தெரியல. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அம்மாவின் முகம் மாறியது. “அப்படீங்களா, எங்கிட்டச் சொல்லவே இல்லீங்க. ஒரு நிமிசம் இருங்க, காப்பி கொண்டாறேன்” என்று அடுப்படிக்குள் போனாள்.

அப்பா சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் வேலை கிடைத்தவரின் சிரிப்பாக அது எனக்குத் தெரியவில்லை. வேறு ஊருக்குப் போகத் திட்டம் வைத்திருப்பவர் எதற்கு அவிநாசி ரோட்டுக்குச் சம்மதிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பி வருகிற வரைக்கும் சும்மா இருக்க மாமாவால் முடியவில்லை. “எங்க மச்சான் வேலையில மட்டுமில்லீங்க சார், பாட்டுலயும் பெரிய ஆளு. எந்தப் பாட்டப் போட்டாலும் அதுக்கு ஒரு கத வெச்சிருப்பாரு. கண்ணு, பெட்டிய எடுத்துட்டு வா. சாருக்கு ஒரு குலுக்கல் போடலாம்.”

நான் கண்ணை மூடி ஒரு கேசட்டை எடுத்தேன். உறையில் பட்டுப் புடவை கட்டிய ஒரு கதாநாயகி, மாலையோடு நின்றாள். அப்பா உறையை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மாமா கேசட்டை டேப்பில் போட்டுத் தட்டிவிட்டார்.

வந்தது மாரியம்மன் பாட்டு. உடுக்கையும் பம்பையும் சேர்ந்து வீட்டையே அதிரவைக்கிற, கோயில் திருவிழா தொடங்குகிற பூச்சாட்டுக் காலத்தில் மைக் செட்டில் போடுகிற பாட்டு. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் போடுவதற்காக மாமா சில கேசட்டுகளைக் கொண்டுபோயிருந்தார். திருப்பிக் கொண்டுவந்தபோது உறைகளை மாற்றிப் போட்டிருக்கிறார்.

அப்பா கண்ணை மூடினார். “இதுங்க சார், எங்க கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல போட்ட பாட்டுங்க. தாலி கட்டி முடிச்சு உக்காந்திருக்கறோம். ஒருத்தரும் கவனிக்கல. நா மட்டும் கேட்டுட்டே இருந்தேன். இப்ப ஒரு புல்லாங்குழல் வரும் பாருங்க, மெல்ல. கேளுங்க, கேளுங்க.”

உடுக்கை உச்சத்துக்குப் போனது. அப்பா அதற்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு மெதுவான தாளத்துக்கு விரலை ஆட்டினார்.

மாமா சிரித்துவிட்டார். அப்பா வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருப்பார். “ஆத்தா பாட்டுல புல்லாங்குழலுங்களா மச்சான்?” என்றார். அப்பாவின் கண் மூடியேதான் இருந்தது. மேனேஜரும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூர்ந்து பார்த்தார். “அண்ணா” என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சத்தமாக, “ஏனுங்ணா” என்றார். அப்பா புல்லாங்குழலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்த அம்மா அங்கேயே நின்றாள். மறுகணம் டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு டேப்பை அணைத்தாள். அப்பாவின் தோளைத் தொட்டாள். பிறகு மேனேஜரிடம், “ஒறை ஒன்னு, உள்ள கேசட்டு ஒன்னுங்க. புள்ள மாத்தி வெச்சுட்டா. அவரு ஒறையப் பாத்துட்டுச் சும்மா சொல்லிட்டிருக்காரு” என்றாள்.

“நா மாத்தலீங்க, மாமாதான்…” என்று ஆரம்பித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தொடர்ந்து பேசியிருப்பேன். அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்பா கண்ணைத் திறந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சிரித்தார். பிடிபட்டுவிட்டவரின் சிரிப்பு அது என்று முடிவு செய்துகொண்டேன்.

மேனேஜர் காப்பியைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “நாளைக்கு வந்து என்னையப் பாருங்க. ஒன்னும் பயப்படாதீங்க.” பள்ளிக்கூடத்தில் ஒருவரைக் கேலி செய்ய நாங்கள் அப்படித்தான் வாயைக் கோணிப் பேசுவோம். எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரமாக வந்தது. அப்பாவோ, “சரிங்க சார், வரனுங்க” என்று சொல்லி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் வேலை இன்னொருவருக்குப் போனது. அப்பாவை நிட்டிங்கிலிருந்து எடுத்துத் துணி செக்கிங்கில் போட்டார்கள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜை மேல் துணியை ஓடவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பொய் சொன்னதற்குத் தண்டனை என்று எனக்குத் தோன்றியது. எஸ்தரைக் கேட்டதற்கு, மனசு கெட்டுப்போனவர்கள் இந்தச் சமயத்தில்தான் ஊரைவிட்டுப் போவார்கள் என்றாள். நான் காலையில் பல் விளக்கும் சாக்கில் அப்பாவின் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் போக ஆரம்பித்தேன். அவர் கம்பெனிப் பக்கம் போகிற பஸ்ஸில்தான் ஏறுகிறார் என்று பார்த்த பிறகே திரும்புவேன். பின்னால் என் செருப்புச் சத்தம் கேட்டும் அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் சாட்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

விஷயம் என்னவென்று எனக்குத் தெரியவர நான் ப்ளஸ் டூ போக வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தோம். எப்போதிருந்து கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைக் காட்டி, “இவ ஒன்னாவது சேந்தப்பவே கொறைய ஆரம்பிச்சிருச்சுங்க டாக்டர். தறிச் சத்தந்தானுங்க. சின்ன வயசுலருந்து அதுக்குள்ளயே நின்னாரு” என்றாள். காது கேட்காதவரை ஓடுகிற மெஷின் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் நிற்கவிடாது. பின்னாலிருந்து யாராவது எச்சரித்தால் கேட்க வேண்டுமே. அதனால் மாமாவுக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். உதட்டசைவைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். பாட்டின் முதல் சொல்லை மட்டும் அம்மா எடுத்துக் கொடுத்தால் போதும். மீதிப் பாட்டு வயலினோடும் புல்லாங்குழலோடும் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது. மேனேஜருக்கு அன்றைக்கே புரிந்திருக்கிறது. கண் மட்டும் போதுமான, சத்தம் குறைந்த இடமாகப் பார்த்து அவர்தான் மாற்றிவிட்டிருக்கிறார். டாக்டர் அறையில் இதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல, அப்பா எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் எனக்கு இது எதுவும் தெரியாது. செக்கிங் வேலைக்குப் போக ஆரம்பித்த அந்த மாதத்தில்தான், ஒரு சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு புதுப்படப் பாட்டு திருப்பூர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எதிர்வீட்டில் புதிதாக வாங்கிய சிடி பிளேயரில் காலையில் ஆரம்பித்தால் நாள் முழுக்க அதுதான். வரிசை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

“எதுத்த ஊட்டுல என்னமோ புதுப்பாட்டுப் போடறாங்களாமா. கம்பெனியிலயும் எல்லாரும் வாயசைச்சுட்டே திரியறாங்க. அதுல என்ன கண்ணு வருது? எனக்குச் சொல்லு பாக்கலாம்” என்றார்.

எனக்கு உடனே உஷாராகிவிட்டது. வாசலுக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் விழுகிற பாட்டை என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அது கதாநாயகன் கதாநாயகியை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு முத்தம் கேட்கிற பாட்டு. இந்த மாதிரிப் பாட்டெல்லாம் நான் பாடிக்கொண்டு திரிகிறேனா என்று பார்ப்பதற்குத்தான் இந்த விசாரணை என்று புரிந்துவிட்டது. நான் லேசில் மாட்டுகிற ஆளில்லை.

ஆகவே பாட்டை அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். மொட்டைமாடியைப் பள்ளிக்கூடமாக்கினேன். கதாநாயகனை அவள் கூடப் படிக்கிறவனாக்கினேன். முத்தம் வருகிற இடத்தில் எல்லாம் முறுக்கு என்று போட்டேன்.

அப்பா என் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “முறுக்கா?”

“ஆமாங்ப்பா. ஒரே ஒரு முறுக்குக் குடுன்னு கேக்கறான்.”

“அவ குடுக்கறாளா?”

கொஞ்சம் யோசித்தேன். “மொதல்ல தரமாட்டேங்கறா. கடைசியில பாதி உடைச்சுக் குடுக்கறா.”

அப்பா சிரித்தார். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார். பிறகு உள்ளங்கையை நீட்டி, தாளம் எப்படி என்று தட்டிக் காட்டச் சொன்னார். நான் தட்டினேன். அவர் கண்ணை மூடாமல், என் விரல்களையும் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கூடவே முணுமுணுத்தார். மெட்டு அவருடையது. ஏதோ பழைய பாட்டின் மெட்டு. நூல் வெட்டிக்கொண்டிருந்த அம்மா எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சரியான வார்த்தையை அவள் அப்பாவுக்குச் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

அதன்பின் பல வாரம் அப்பா வேலைக்குக் கிளம்பும்போதும், தொட்டியில் தண்ணீர் மொள்ளும்போதும் அந்த முறுக்குப் பாட்டைப் பாடிக்கொண்டே திரிந்தார். வரிசை வீடே அதைக் கேட்டுச் சிரித்தது. எஸ்தர்கூட, இப்படிப் பாடுகிற ஆள் ஓடிப்போக மாட்டார் என்று ஒத்துக்கொண்டாள். விசாரணையிலிருந்து நன்றாகத் தப்பித்துக்கொண்டேன் என்று எனக்கு ஏகப் பெருமை. ஊர் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்த அந்தப் பாட்டு அவருக்கு என் வாய் வழியாக மட்டும்தான் வந்துசேர்ந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.